கல்லீரலில் நீர்க்கட்டி: பித்தக்குழாயை அடைத்தால் என்ன செய்வார்கள்?

அம்மா உடல்நலப் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிறார். அல்ட்ராசவுண்ட் அறிக்கையை உங்களிடம் நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு பாரு" என்கிறார். நடுவில் ஒரு வரி: கல்லீரலில் 'சிஸ்ட்'.

அதை நீங்கள் தமிழில் சொல்லவேண்டும். வாயில் முதலில் வரும் சொல் 'கட்டி'.

அதோடு வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் போச்சு!

தமிழில் எல்லாமே கட்டிதான். சீழ் பிடித்தாலும் கட்டி, புற்றுநோய் என்றாலும் கட்டி, வெறும் தண்ணீர் நிறைந்த பை என்றாலும் கட்டி. 'சிஸ்ட்' என்பது அந்தத் தண்ணீர்ப் பை. 'நீர்க்கட்டி' என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். பாதி பயம் குறையும்.

மீதிப் பாதி? அது என்ன வகை நீர்க்கட்டி, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கல்லீரல் நீர்க்கட்டிகள் சாகும்வரை ஒரு தொல்லையும் தராமல் கிடக்கும். மிகச் சில, பித்தம் போகும் குழாயை நெருக்கி அடைத்துவிடும். அப்போது கண் மஞ்சளாகும். அந்தக் கட்டத்தில் "உடனே ஊசி போட்டு அந்தத் தண்ணியை எடுத்துட்டா என்ன?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி குத்துவது சில நேரம் உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

அளவைவிட இடம் முக்கியம்

கல்லீரல் ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க அது வேண்டும். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உருவாகும் பிலிருபின் எனும் மஞ்சள் நிறக் கழிவும் அதோடுதான் வெளியேறுகிறது.

கல்லீரலுக்குள் மர வேர்போலப் பரவியிருக்கும் நுண்குழாய்கள் ஒன்று சேர்ந்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என 2 பெரிய குழாய்களாகின்றன. கல்லீரலின் அடிப்பகுதியில் உள்ள வாசலில் அந்த இரண்டும் இணைந்து ஒரே குழாயாகிக் குடலுக்குப் போகிறது. ரத்தக்குழாய்கள் கல்லீரலுக்குள் நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான்.

அடுக்குமாடி வீட்டுப் பேட்டைகளில் இருப்போருக்கு இது எளிதில் புரியும். பெரிய லாரி காலி மைதானத்தில் நின்றால் யாருக்கும் தொல்லை இல்லை. சின்ன கார் ஒன்று கார்ப்பேட்டை வாசலில் நின்றுவிட்டால் மொத்த புளோக்கும் வெளியே போகமுடியாது.

நீர்க்கட்டியும் அப்படியே. வலப்பக்க ஓரத்தில் 15 சென்ட்டிமீட்டருக்கு வளர்ந்த கட்டி, வயிறு உப்பின மாதிரி இருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாமல் இருக்கலாம். வாசலுக்குப் பக்கத்தில், கல்லீரலின் நடுப்பகுதியில் வரும் கட்டி அதைவிடச் சிறியதாக இருந்தும் குழாயை நெருக்கலாம். அதனால்தான் "எத்தனை சென்ட்டிமீட்டர்?" என்று கேட்பதோடு "எந்த இடம்?" என்றும் கேட்கவேண்டும்.

எளிய நீர்க்கட்டி எப்படி வருகிறது? கரு வளரும்போது பிரதானக் குழாயோடு சேராமல் தனித்துப்போன நுண்குழாய்களிலிருந்து அது உருவாவதாகக் கருதப்படுகிறது. அதன் உட்சுவர் மெதுவாக நீர் சுரந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகளில் பை பெரிதாகும். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் பெரிய கட்டிகள் அதிகம். மதுவாலோ எண்ணெய்ப் பலகாரத்தாலோ அது வருவதில்லை. எனவே, அம்மாவின் சமையலைக் குறைசொல்ல வேண்டாம்.

ஸ்கேன் எடுத்த பெரியவர்களில் 100க்கு 18 பேர் வரை கல்லீரல் நீர்க்கட்டி இருப்பதாகச் சில கணக்குகள் சொல்கின்றன. அவ்வளவு சாதாரணம். தொல்லை தராத எளிய நீர்க்கட்டிக்கு அடிக்கடி ஸ்கேன்கூடத் தேவையில்லை என்று ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

தே-ஓ நிறத்தில் சிறுநீர்

குழாய் அடைபட்டால் பித்தநீர் பின்னோக்கித் தேங்கும். பிலிருபின் ரத்தத்தில் கலக்கும். அங்கிருந்து சிறுநீரில் இறங்கும். சிறுநீர் தே-ஓ நிறத்துக்கு மாறும். குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் நிறமிழந்து, ஈரக் களிமண் மாதிரி வெளுத்துப்போகும். உடம்பெல்லாம் அரிப்பு, குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், இரவில் அதிகம். தோலில் தடிப்பு எதுவும் தெரியாது. ஆனால் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும்.

நம்மவர்கள் நிறத்துக்குத் தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்கவேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில், சன்னல் பக்கம் நின்று. வீட்டு விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்தத்தில் பிலிருபின் அளவு பொதுவாக 20 மைக்ரோமோலுக்குள் இருக்கும். ஏறத்தாழ 40ஐத் தாண்டும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கிறது. ஆக, கண்ணில் தெரிகிறது என்றால் உள்ளே பிரச்சினை கொஞ்ச நாளாகவே இருக்கிறது.

இப்போது பாட்டி சொல்வார்: "மஞ்சக்காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடு."

பாட்டியைக் கிண்டல் செய்யவேண்டாம். கீழாநெல்லியை ஆய்வாளர்களும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு ஒன்று 1988இல் லேன்செட் சஞ்சிகையில் வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. ஆனால் இங்கே விவாதமே அதுவல்ல. கிருமியால் கல்லீரல் வீங்கி வரும் காமாலை வேறு, குழாய் அடைத்து வரும் காமாலை வேறு. அடைப்பை எந்தக் கஷாயமும் எடுக்காது. 2 வாரம் மூலிகை குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்துவிடலாம்.

கிருமி புகுந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, கூடவே கண்ணில் மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்தால் மறுநாள் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவு. குழப்பமாகப் பேசுகிறார், மயக்கம் வருகிறது என்றால் 995. ரத்தத்தில் நச்சு பரவிவிட்டால் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும்.

காய்ச்சல் இல்லை, மஞ்சள் மட்டும் என்றாலும் தள்ளிப்போடாமல் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

அடைத்தது நீர்க்கட்டிதானா?

காமாலை வந்தவருக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தால், அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் சம்பவ இடத்தில் நின்றவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடுவாரா? நீர்க்கட்டி பலருக்கும் இருக்கிறது. பித்தக்குழாயை அடைப்பது பெரும்பாலும் வேறு: பித்தப்பையிலிருந்து நழுவிய கல், கணையத் தலையில் புற்றுநோய், பித்தக்குழாய்ப் புற்றுநோய். நீர்க்கட்டி மீது பழியைப் போட்டுவிட்டு இவற்றைத் தவறவிட்டால் அதன் விலை பெரிது.

முதலில் ரத்தப் பரிசோதனை. அடைப்பு என்றால் பிலிருபினோடு ஏஎல்பி, ஜிஜிடி என்ற 2 அளவுகளும் கூடியிருக்கும். கல்லீரல் அழற்சி என்றால் ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் எகிறியிருக்கும். அறிக்கையில் எது அதிகம் கூடியிருக்கிறது என்பதே ஒரு துப்பு.

அடுத்து அல்ட்ராசவுண்ட். வலி இல்லை, கதிரியக்கம் இல்லை, விலையும் குறைவு. எளிய நீர்க்கட்டி அதில் மெல்லிய சுவரோடு, உள்ளே ஒன்றும் இல்லாத கறுப்பு வட்டமாகத் தெரியும். குழாய்கள் விரிந்திருக்கின்றனவா என்பதையும் காட்டும்.

அடைப்பு எங்கே என்று துல்லியமாகப் பார்க்க எம்ஆர்சிபி. எம்ஆர்ஐ கருவியிலேயே எடுக்கும் ஒரு வகைப் படம் அது. அசையாமல் இருக்கும் நீர் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்படி அமைக்கப்பட்டது. பித்தநீரும் நீர், கட்டிக்குள்ளும் நீர். சாயம் எதுவும் செலுத்தாமலே குழாய் முழுவதும் வெள்ளை மரம்போலத் தெரியும். எந்த இடத்தில் நெருக்கப்படுகிறது, கட்டிக்குள் குழாய் திறக்கிறதா என்றெல்லாம் பார்க்கலாம். நீர்க்கட்டிதான் காரணம் என்றால் குழாய் கட்டியின் விளிம்பில் வழுவழுப்பாக வளைந்து நசுங்கியிருக்கும், அதற்கு மேலே உள்ள பகுதி மட்டும் விரிந்திருக்கும். சொரசொரப்பாகத் திடீரென்று குழாய் அறுந்ததுபோல் தெரிந்தால் மருத்துவர் வேறு எதையோ தேடுவார்.

சிடி ஸ்கேன், கட்டியின் சுவரையும் ரத்தக்குழாய்களையும் பார்க்க உதவும். அறுவைச் சிகிச்சை செய்வதென்றால் அது பெரும்பாலும் வேண்டும்.

இஆர்சிபி என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய்வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு, குடலில் பித்தக்குழாய் திறக்கும் இடத்திலிருந்து உள்ளே போவது. ஒரு காலத்தில் நோயைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்தார்கள். இப்போது அதன் வேலை பெரும்பாலும் சிகிச்சை: அடைபட்ட இடத்தில் ஸ்டென்ட் எனும் சிறு குழாயை வைத்துப் பித்தம் வடிய வழிசெய்வது. 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேருக்கு அதன்பிறகு கணைய அழற்சி வரலாம். எனவே, வெறும் படம் பார்க்க மட்டும் அதைச் செய்வதில்லை.

ஒரே வட்டம், வெவ்வேறு ஆட்கள்

கடினமான பகுதி இதுதான். ஸ்கேனில் எல்லாம் வட்டமாக, நீர் நிறைந்ததாகவே தெரியும். ஆனால் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி.

எளிய நீர்க்கட்டிக்கு மேல்கூரையைத் திறந்துவிட்டால் போதும். அதையே ஒரு புற்றுநோய் முன்நிலைக் கட்டிக்குச் செய்தால், ஆபத்தான சுவரை உள்ளேயே விட்டுவிட்டு வந்ததாக ஆகும்.

அந்த இரண்டாவது வகைக்கு மருத்துவர்கள் 'மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம்' என்பார்கள். நீருக்குப் பதில் கோழை மாதிரி வழவழப்பான திரவம் சுரக்கும் கட்டி. அபூர்வம். கிட்டத்தட்ட எப்போதும் பெண்களுக்கே வரும், அதுவும் நடுத்தர வயதில். அதன் சுவரில் சினைப்பையில் இருப்பது போன்ற திசு இருக்கும். அதை வைத்துத்தான் நுண்ணோக்கியில் அடையாளம் காண்கிறார்கள். அதில் ஒரு சிறு பகுதி புற்றுநோயாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டியே சொல்லமுடியாது. அதனால் மிச்சம் வைக்காமல் முழுதாக எடுப்பதே விதி.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தடித்த தடுப்புச் சுவர்கள், சுவரில் சதை முடிச்சு. இவை முக்கிய அடையாளங்கள். கட்டிக்கு மேலே பித்தக்குழாய் விரிந்திருப்பது, உள்ளே ரத்தம் கசிந்திருப்பது, மற்றக் கட்டிகள் இல்லாமல் ஒன்றிரண்டு மட்டும் இருப்பது. இவை துணை அடையாளங்கள். மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டி இரண்டு பட்டியலிலிருந்தும் குறைந்தது ஒன்று இருந்தால் சந்தேகப்படச் சொல்கிறது.

கவனித்தீர்களா? குழாய் விரிவே ஒரு துணை அடையாளம். அதாவது பித்தக்குழாயை அடைக்கும் நீர்க்கட்டியை 'வெறும் நீர்க்கட்டி' என்று எளிதில் தள்ளிவிடக்கூடாது.

ஆனால் ஏமாற்றுக்காரக் கட்டிகளும் உண்டு. எளிய நீர்க்கட்டிக்குள்ளேயே சில நேரம் ரத்தம் கசியும். உறைந்த ரத்தம் தடுப்புச் சுவர் மாதிரியும் சதை முடிச்சு மாதிரியும் காட்டும். எம்ஆர்ஐயும், நுண்குமிழிச் சாயம் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டும் அங்கே கைகொடுக்கும். உண்மையான சதைக்குள் ரத்தம் ஓடும். உறைந்த ரத்தத்துக்குள் ஓடாது.

"புற்றுநோய் மார்க்கர் டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடுமே?" தெரியாது. சிஏ 19-9 என்ற அளவு எளிய நீர்க்கட்டியிலும் கூடும், காமாலை வந்தாலே கூடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடி அழுதவர்கள் உண்டு. கட்டி எந்த வகை என்று பிரிக்க அது உதவாது.

ஊசியே கூடாது என்று சொல்லத்தக்க இன்னொரு வகை இருக்கிறது: ஹைடாட்டிட் எனும் ஒட்டுண்ணி நீர்க்கட்டி. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை, அழுக்குக் கை வழியாகவோ கழுவாத காய்கறி வழியாகவோ நம் வயிற்றுக்குள் போய், கல்லீரலில் பையாக வளரும். ஆடுகளும் நாய்களும் சேர்ந்து வளரும் இடங்களில் அதிகம். இந்தியா, மத்திய ஆசியா, மத்தியகிழக்கு, தென்னமெரிக்கா எல்லாம் அதில் அடங்கும். ஆட்டுக்கறி சாப்பிட்டதால் வருவது அல்ல. பலர் அப்படி நினைக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அது அரிது. ஆனால் இங்கே இருப்பவர்கள் எல்லாரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இல்லையே. கிராமத்தில் நாய், ஆடுகளோடு வளர்ந்த தாத்தாவுக்கு, இங்கு வேலைக்கு வந்திருக்கும் ஊழியருக்கு, பல ஆண்டு கழித்து அது தெரியவரலாம். ஆகவே "எந்த ஊர், வீட்டில் நாய் வளர்த்தீங்களா, ஆடு மேய்ச்சீங்களா?" என்று மருத்துவர் கேட்டால் ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்துச் சுருக்கி மொழிபெயர்க்காதீர்கள். அந்தப் பதில் ஸ்கேனைப்போலவே முக்கியம். அந்தக் கட்டியைத் தயார்நிலை இல்லாமல் குத்தினால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து கடும் ஒவ்வாமை வரலாம், வயிறு முழுக்கப் புதுக் கட்டிகள் முளைக்கலாம். அது பித்தக்குழாய்க்குள்ளேயே உடைந்தால், குட்டிக் கட்டிகள் குழாயில் இறங்கி அடைக்கும்.

ஆசியாவில் நாம் மறக்கக்கூடாத வகை, பித்தக்குழாயே பலூன்போல விரிந்து கட்டியாகத் தெரிவது. பிறவிக் கோளாறு. மேற்கத்திய நாடுகளைவிடக் கிழக்காசியாவில் அதிகம், பெண்களுக்கு அதிகம். ஜப்பானிய மருத்துவர் டோடானி 1977இல் வகுத்த பிரிவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதால் விரிந்த குழாயையே வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலின் குழாயோடு இணைப்பார்கள்.

இன்னொன்று சீழ்க்கட்டி. நீரிழிவு உள்ளவர்களுக்கு கிளெப்சியெல்லா எனும் கிருமியால் கல்லீரலில் சீழ் பிடிப்பது சிங்கப்பூரிலும் தைவானிலும் அடிக்கடி பார்க்கப்படுவது. அங்கே மட்டும் கதை தலைகீழ்: கிருமிக்கொல்லி மருந்தோடு ஊசி வழி வடிப்பதுதான் வழக்கமான சிகிச்சை.

ஊசி எப்போது?

எளிய நீர்க்கட்டி என்று உறுதியானாலும், வெறுமனே உறிஞ்சி எடுப்பது நிரந்தரத் தீர்வல்ல. நீர் சுரக்கும் உட்சுவர் அப்படியே இருக்கிறது. குழாய் மூடாமல் வாளியைக் காலிசெய்வது மாதிரி. சில வாரத்திலோ மாதத்திலோ மறுபடி நிறைந்துவிடும்.

அதனால் நீரை எடுத்தபின் ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே செலுத்தி, உட்சுவரின் செல்களைச் செயலிழக்கச் செய்து திரும்ப எடுத்துவிடுவார்கள். அறுவைச் சிகிச்சையைத் தாங்கமுடியாத முதியவருக்கு அது நல்ல வழி. கட்டி சுருங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

ஒரு நிபந்தனை. எடுத்த நீரில் பித்தம் கலந்திருந்தால் ஆல்கஹால் செலுத்தவே கூடாது. கட்டிக்கும் பித்தக்குழாய்க்கும் வழி இருக்கிறது என்று பொருள். ஆல்கஹால் குழாய்க்குள் போனால் அதைப் புண்ணாக்கி, தழும்பால் சுருக்கிவிடும். ஓர் அடைப்பை எடுக்கப்போய் நிரந்தர அடைப்பை வாங்கி வந்த கதையாகிவிடும். முதலில் சாயம் செலுத்திப் படம் பார்ப்பது அதற்காகத்தான்.

அறுவைச் சிகிச்சை அறையில்

காமாலை முற்றியிருந்தால் நேரே கத்தி வைப்பதில்லை. பித்தம் குடலுக்குப் போகாதபோது வைட்டமின் கே உடலில் சேராது. அது இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. அதனால் ரத்த உறைவு அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். கிருமித்தொற்று இருந்தால் ஸ்டென்ட் வைத்தோ வெளியிலிருந்து குழாய் போட்டோ பித்தத்தை வடித்து, உடம்பைத் தேற்றிவிட்டு மேலே போவார்கள்.

எளிய நீர்க்கட்டிக்குச் செய்வதை 'ஃபெனஸ்ட்ரேஷன்' என்பார்கள். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குச் சன்னல் என்று பொருள். கட்டியில் சன்னல் வைத்துவிடுவது! கல்லீரலுக்கு வெளியே துருத்தி நிற்கும் மேற்சுவரை வெட்டி எடுத்துவிட்டால், சுரக்கும் நீர் வயிற்றறைக்குள் வழிந்து, அங்கிருந்து உடலே உறிஞ்சிக்கொள்ளும். பை மறுபடி நிறையாது, குழாயை நெருக்காது. கட்டிகள் நிறைந்த கல்லீரலுக்கு இம்முறையை தைவானின் லின் தியென்-யூ 1968இல் பதிவுசெய்தார். 1990களின் தொடக்கத்திலிருந்து லேப்பரோஸ்கோப்பி எனும் சிறுதுளை முறையில் செய்கிறார்கள். தொப்புள் பக்கம் ஒன்று, மேல்வயிற்றில் இரண்டு மூன்று, அவ்வளவுதான் தழும்பு. பெரும்பாலானோர் சில நாளில் வீடு திரும்புவர்.

"ஏன் மொத்தக் கட்டியையும் உரித்து எடுத்துவிடக்கூடாது?" வாசல் பக்கத்தில் இருக்கும் கட்டியின் அடிச்சுவர், பித்தக்குழாயோடும் ரத்தக்குழாயோடும் ஒட்டிக்கிடக்கும். எளிய நீர்க்கட்டிக்கு அதை உரிக்கப்போய் குழாயைக் கிழிப்பதில் லாபமே இல்லை. அந்தச் சுவரை விட்டுவைப்பது சோம்பேறித்தனம் இல்லை, நிதானம்.

ஆனால் மேற்சுவரிலும் ஆபத்து ஒளிந்திருக்கலாம். கட்டி பல ஆண்டு தள்ளித் தள்ளி, பித்தக்குழாய் ஒன்று அதன் சுவரில் தட்டையாக நாடா மாதிரி இழுபட்டிருக்கும். பார்த்தால் சுவரின் பகுதி என்றே தோன்றும். தெரியாமல் வெட்டினால் பித்தக்கசிவு.

இங்கே கைகொடுக்கிறது ஐசிஜி எனும் பச்சைச் சாயம். 1950களிலிருந்து மருத்துவத்தில் இருக்கிறது. ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அதை எடுத்துப் பித்தநீரில் விட்டுவிடும். அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியைப் பாய்ச்சிச் சிறப்புக் கேமராவில் பார்த்தால் பித்தக்குழாய்கள் ஒளிரும். எங்கே ஒளிர்கிறதோ அங்கே வெட்டுவதில்லை.

வெட்டிய சுவரை உடனே நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்பி, உறையவைத்து, மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பதில் வரும். சந்தேகத்துக்குரிய செல்கள் தெரிந்தால் திட்டம் மாறும். ஆகவே, ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் கல்லீரலின் ஒரு பகுதி அகற்றப்படும்' என்று இருந்தால் பதறவேண்டாம். அது முன்யோசனை.

முழுதாக எடுக்கவேண்டிய கட்டி என்றால் அறுவையும் பெரிது. கட்டியோடு கல்லீரலின் ஒரு பகுதியையும் எடுப்பார்கள். ஆரோக்கியமான கல்லீரலில் ஏறத்தாழ 30 விழுக்காடு மிஞ்சினாலும் போதும், வளர்ந்துவிடும். ஆனால் காமாலையில் தேங்கிப்போன கல்லீரல் அவ்வளவு தாங்காது. முதலில் பித்தத்தை வடிப்பதற்கு இன்னொரு காரணம் அது. குழாயையே எடுக்க நேர்ந்தால் குடலோடு புது இணைப்பு வைக்கவேண்டியிருக்கும்.

ஒட்டுண்ணிக் கட்டிக்கு அல்பெண்டசோல் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கி, கட்டியைச் சுற்றி உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் எடுப்பார்கள். குழாயில் இறங்கிய குட்டிக் கட்டிகளை இஆர்சிபி வழி துடைத்து எடுக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்துக்குப் போனால் கழிவுக் கட்டணம் கிடைக்கும். நீங்கள் பார்க்கவேண்டியவர் கல்லீரல், கணையம், பித்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை மூன்றிலும் அதற்குப் பிரிவு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம்.

சென்னையிலோ திருச்சியிலோ முன்பு ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கை மட்டும் போதாது. படங்கள் இருக்கும் வட்டையும் எடுத்துப் போங்கள். கட்டி 5 ஆண்டுக்கு முன்பும் இதே அளவுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, புதிதாக எடுக்கும் 2 ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

கேட்கவேண்டியது: இது எந்த வகை என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதியாக? அடைத்தது இந்தக் கட்டிதானா, வேறு ஏதாவது இருக்கலாமா? குழாய் கட்டியோடு சேர்ந்திருக்கிறதா? திறந்துவிடப் போகிறீர்களா, முழுதாக எடுக்கப் போகிறீர்களா, ஏன்? உறுதி இல்லை என்று மருத்துவர் சொன்னால் அதை அப்படியே அம்மாவிடம் சொல்லுங்கள். 'ஒண்ணுமில்லையாம்மா' என்று மழுப்பினால், நாளைக்குத் திட்டம் மாறும்போது அவர் உங்களையும் நம்பமாட்டார், மருத்துவரையும் நம்பமாட்டார்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், வயிற்றுவலி, வடிகுழாயில் மஞ்சள்-பச்சை நிறத் திரவம், மறுபடி கண் மஞ்சள் என்றால் பித்தக்கசிவாக இருக்கலாம். மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவமனையை அழையுங்கள். எடுத்த சுவரின் முழு ஆய்வு முடிவு வரச் சில நாள், சில நேரம் ஓரிரு வாரம்கூட ஆகும். அதைக் கேட்டு வாங்குங்கள். அறையில் பார்த்த அவசர முடிவைவிட அதுவே கடைசிச் சொல்.

ஸ்டென்ட் வைத்திருந்தால் இன்னொன்று. பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரம் இல்லை. ஏறத்தாழ 3 மாதத்தில் அது தானே அடைத்துக்கொள்ளும். அதற்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். காமாலை போய், அரிப்பு போய், உடம்பு தேறியதும் உள்ளே ஒரு குழாய் இருப்பதே மறந்துபோகும். அம்மாவின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.